ஓவன் இல்லாமல் வீட்டில் புரோட்டீன் பார்: உள்ளே எவ்வளவு புரோட்டீன் இருக்கிறது?

ஜூன் 2, மாலை. ஒரு வாசகியின் கேள்வி

மகன் பேட்மிண்டன் பயிற்சிக்குப் போகிறான். முடித்துவிட்டு வரும்போது கடையில் ஒரு புரோட்டீன் பார் வாங்கிச் சாப்பிடுகிறான், ஒன்று அறுபது எழுபது ரூபாய். வீட்டில் ஓவன் கிடையாது. பேரீச்சம்பழமும் பாதாம், முந்திரியும் சம அளவு எடுத்து அரைத்து, தட்டில் தட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். ருசி நன்றாக இருந்தது, ஆனால் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்தில் பிசுபிசு என்று ஆகிவிடுகிறது. அது போகட்டும், இதில் உண்மையிலேயே புரோட்டீன் இருக்கிறதா, இல்லை அவன் இனிப்புத்தான் சாப்பிடுகிறானா? புரோட்டீன் பவுடர் வாங்கிப் போட எனக்கு மனமில்லை.

ஜூன் 2, இரவு

பெரும்பாலும் இனிப்புத்தான். 100 கிராம் பேரீச்சையில் புரோட்டீன் 2 கிராம், சர்க்கரை சுமார் 65 கிராம். பாதாம், முந்திரியில் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிப் புரோட்டீன் உண்டு. நீங்கள் சொன்ன சம அளவுக் கணக்கில் 40 கிராம் துண்டு ஒன்றில் புரோட்டீன் 4 கிராம், சர்க்கரை 13 கிராம். நல்ல தின்பண்டம், கடை மிட்டாயைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதைப் புரோட்டீன் பார் என்று சொல்லிப் பையனுக்குக் கொடுக்க முடியாது.

பாரில் ஒட்டுவதற்கு ஒரு பொருள், புரோட்டீனுக்கு ஒரு பொருள் என்று தனித்தனியாக யோசியுங்கள். பேரீச்சை, தேன், வெல்லம் எல்லாம் ஒட்டுவதற்கு. அதை எவ்வளவு குறைவாகப் போட்டுக் காரியத்தை முடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புரோட்டீன் பக்கத்துக்கு முந்திரி தேவையே இல்லை. பொட்டுக்கடலை இருக்கிறதே! 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் புரோட்டீன், ஏற்கெனவே வறுத்தது என்பதால் அப்படியே அரைத்துப் போடலாம், விலையும் பாதாமுக்குப் பக்கத்தில்கூட வராது. வேர்க்கடலையில் 25 கிராம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பாதாமைத் தேடிப் போவது ஏன் என்று எனக்குப் புரிவதேயில்லை.

அளவுகளை நாளைக் காலையில் எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜூன் 3, காலை

சொன்ன அளவு இதோ.

வேர்க்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், பேரீச்சை விதை நீக்கி 150 கிராம், வெள்ளை எள் 25 கிராம், பூசணி விதை 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் அல்லது சுக்குத்தூள் கொஞ்சம்.

வேர்க்கடலையைச் சிறு தீயில் தோல் வெடிக்கும் வரை வறுத்து, ஆறவிட்டு, தோலைத் தேய்த்துப் புடைத்துவிடுங்கள். எள்ளையும் பூசணி விதையையும் தனித்தனியாக வறுங்கள், ஒன்றாகப் போட்டால் எள் கருகிவிடும். பொட்டுக்கடலையை மாவாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொரகொரவென்று உடைத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியை மிக்ஸியில் வெண்ணெய் பதத்துக்கு அரைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்ற வேண்டாம். முதலில் ரவை மாதிரி ஆகும், அப்புறம் ஜாரின் ஓரத்தில் போய் அப்பிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றும். நிறுத்தி, கரண்டிக் காம்பால் வழித்து நடுவில் தள்ளி, மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து முறை இப்படி வழித்தால் அந்தத் தூள் கட்டியாகி, திடீரென்று ஒரு பளபளப்பு வந்து இளகிவிடும். கடலைக்குள் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், அது வெளியே வர மிக்ஸியின் சூடும் நேரமும் வேண்டும். மோட்டார் சூடானால் சற்று ஆறவிட்டு ஓட்டுங்கள்.

அதே ஜாரில் பேரீச்சையைப் போட்டு விழுதாக்கி, எல்லாவற்றையும் அகலமான தாம்பாளத்தில் கொட்டிக் கையால் பிசையுங்கள். கரண்டியால் கலந்தால் பேரீச்சை ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமுமாக நிற்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், உள்ளங்கையில் லேசான எண்ணெய் மினுமினுப்பு மட்டும் இருக்க வேண்டும். உதிர்ந்தால் இன்னொரு ஸ்பூன் கடலை வெண்ணெய். தண்ணீரோ பாலோ தெளிக்கவே கூடாது.

பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டி, அடி தட்டையான டம்ளரால் நன்றாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே அழுத்துங்கள். அழுத்தம் போதாத பார் வெட்டும்போது உடையும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ், பிறகு 12 துண்டுகள்.

ஜூன் 3, மதியம்

தண்ணீர் ஏன் கூடாது என்று உடனே ஒருவர் கேட்டுவிட்டார். பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அரைக்கச் சுலபம்தான், ஆனால் ஊறிய தண்ணீர் முழுக்க பாருக்குள் போகிறது. முதல் கேள்வியில் வந்த பிசுபிசுப்புக்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். ஈரம் ஏறிய பார் சீக்கிரம் புளித்து வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் டப்பாவில் வாரக்கணக்கில் இருந்ததே, அவற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை என்பதால்தான்.

பேரீச்சை கெட்டியாக இருந்தால் இட்லித் தட்டில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஆவி காட்டி, துணியில் ஒற்றிவிட்டு அரையுங்கள். ஊறவைப்பதைவிட எவ்வளவோ குறைந்த தண்ணீர்தான் உள்ளே போகும்.

ஜூன் 3, மதியம், இன்னொன்று

வேர்க்கடலையை வறுப்பதற்கு முன்னால் முறத்தில் பரப்பி ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைத் தூள் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். சிக்கனம் பார்க்கும் இடம் இல்லை இது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும், அது கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது. முழுக்கடலையாக இருக்கும்போது ஒரு கெட்ட கடலை கண்ணுக்குத் தெரியும், வாயில் கசக்கும். அரைத்த பிறகு தெரியாது. கடலை வெண்ணெய்யை வீட்டில் அரைப்பதே நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், விலை அப்புறம்தான்.

ஜூன் 5

மேலே எழுதிய அளவுக்கு ஒருவர் புரோட்டீன் கணக்குக் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. கிராமில் சொன்னால்: வேர்க்கடலை 37, பொட்டுக்கடலை 20, பூசணி விதை 7, எள் 4 சொச்சம், பேரீச்சை 3. மொத்தம் 70 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 12 துண்டு போட்டால் ஒன்றுக்கு 6 கிராம் புரோட்டீன், 160 கலோரி, சர்க்கரை 8 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன்.

இந்த 6 கிராமைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோவார்கள் என்று தெரியும். ஒரு முட்டையிலும் அதே 6 கிராம்தான், கலோரி பாதிகூட இல்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலில், 150 கிராம் என்று வைத்தால், 12, 13 கிராம் கிடைக்கும். வீட்டில் இருக்கும்போது சுண்டலைச் சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டையைச் சாப்பிடுங்கள். பையில் போட்டு எடுத்துப்போக, கெடாமல் இருக்க, மைதானத்தில் கை கழுவாமல் பேப்பரைப் பிரித்துக் கடிக்க, இதற்குத்தான் பார். பவுடர் இல்லாமல் ஒரு துண்டில் 15 கிராம், 20 கிராம் புரோட்டீன் என்று யாராவது சொன்னால் அந்தத் துண்டு என்ன எடை என்று முதலில் கேளுங்கள். 100 கிராம் துண்டு வெட்டினால் யார் செய்தாலும் 15 வரும்.

எள்ளை ருசிக்காக மட்டும் சேர்க்கவில்லை. கடலை, பருப்பு வகைகளில் புரோட்டீனை உருவாக்கும் அமினோ அமிலங்களில் மெத்தியோனைன் என்ற ஒன்று குறைவு, எள்ளில் அது தாராளம். அரிசியும் பருப்பும் ஒன்றையொன்று நிரப்புவதும் இப்படித்தான். எள்ளுக்குப் பதிலாக ஆளி விதை போடலாமா என்றால் போடலாம், ஆனால் வறுத்துப் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும்.

ஜூன் 6, காலை

ஜிம்முக்குப் போகிற தம்பி ஒருவர், 'எனக்கு ஒரு துண்டில் 10 கிராமாவது வேண்டும், வே பவுடர் போட்டே ஆக வேண்டும்' என்கிறார். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரோட்டீன் பவுடர்தான் அது. சரி, போடுங்கள். பொட்டுக்கடலையை 100-லிருந்து 40 கிராமாகக் குறைத்து, வே பவுடர் 60 கிராம் சேருங்கள். சாதாரணமாக 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரோட்டீன் இருக்கும், டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 108 கிராம் வரும். 12 துண்டென்றால் ஒன்றுக்கு 9, 10 துண்டாகப் பெரிதாக வெட்டினால் கிட்டத்தட்ட 11.

பவுடர் வேண்டாம் என்ற முதல் கேள்விக்காரருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 100 கிராமுக்கு 35 கிராம் புரோட்டீன். அதே 60 கிராம் மாற்றினால் 10 துண்டுக் கணக்கில் ஒன்றுக்கு 8 கிராம். பால்கோவா வாசம் வேறு வரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வாங்கும்போது கொழுப்பு நீக்கியதா என்று பார்த்து வாங்குங்கள். டீக்குப் போடும் சர்க்கரை கலந்த பவுடர் இதற்கு உதவாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எப்போதும் அளவு மீறிப் போகிறது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும், ஆனாலும் சாதம், பருப்பு, தயிர், முட்டை, சுண்டல் என்று ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடர் சாப்பிட வேண்டாம் என்றுதான் 2024-ல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வராதீர்கள்.

ஜூன் 6, காலை, கொஞ்ச நேரம் கழித்து

வே பவுடரைச் சூடான பாகில் கொட்டாதீர்கள். கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், புரோட்டீன் எங்கும் போகாது, ஆனால் வாயில் ரப்பர் போல் இழுக்கும். ஆறிய கலவையில்தான் சேர்க்க வேண்டும்.

ஜூன் 9

'வே பவுடர் போட்ட பார் முதல் நாள் மெத்தென்று இருந்தது, நான்கு நாள் கழித்துக் கடிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார் அந்தத் தம்பி. இது அந்தப் பவுடரின் குணம். பேரீச்சையிலும் தேனிலும் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தை வே பவுடர் மெதுவாக இழுத்துக்கொள்ளும், புரோட்டீன் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். பார் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே இது தீராத தலைவலி, அதற்காகத்தான் கிளிசரின் சேர்க்கிறார்கள். நாம் அதற்கெல்லாம் போக வேண்டாம். கடலை வெண்ணெய்யை இரண்டு ஸ்பூன் கூட்டுங்கள், கொழுப்பு அதிகமானால் இறுகுவது குறையும். ஒரே தடவையில் பன்னிரண்டு துண்டு போடாமல் பாதியாகப் போடுங்கள். பொட்டுக்கடலை மட்டும் போட்ட பாரில் இந்த இறுக்கம் இவ்வளவு வராது.

கம்பெனி பார் பேச்சு வந்ததால் அதன் லேபிளைப் பற்றியும் சொல்கிறேன். பொருட்களின் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும், எது அதிகமோ அது முதலில். முதல் மூன்று பெயரில் சர்க்கரை வகை ஏதாவது இருந்தால் முன்பக்கம் எவ்வளவு பெரிதாகப் புரோட்டீன் என்று போட்டிருந்தாலும் பார்த்து வாங்குங்கள். சர்க்கரையே இல்லை என்று எழுதிய பாரில், சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குப் போடும் மால்டிடால் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கூடினால் வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். விளையாடப் போகும் முன்னால் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டால் அவதி.

ஜூன் 10

வெல்லக் கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள்! 'கடலைமிட்டாய் இருக்கும்போது பார் எதற்கு?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு சண்டை இல்லை, நானும் அந்தக் கட்சிதான். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷம். 30 கிராம் துண்டில் 4, 5 கிராம் புரோட்டீன் கட்டாயம் இருக்கும். எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு.

ஆனால் அது பாகு வேலை. வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவிட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் டக்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதம் தவறினால் ஒன்று இழுக்கும், இல்லை மண்ணாக உதிரும். பழகாத கைக்குப் பேரீச்சைதான் சுலபம், பதம் பார்க்கும் வேலை கிடையாது, பிள்ளைகளையே பிசையச் சொல்லலாம்.

வெல்லத்தில் செய்தே தீர்வது என்றால் என் ஓட்டு பொருள்விளங்கா உருண்டைக்கு. அரிசி, பயறு, கடலைப்பருப்பு எல்லாம் வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் போட்டு, தேங்காய்ப் பல்லைக் கீறிச் சேர்த்து, வெல்லப் பாகு ஊற்றிச் சூட்டோடு பிடிப்பது. தானியமும் பருப்பும் சேர்ந்த புரோட்டீன், வழிப்பயணத்துக்கென்றே செய்த பண்டம், ஓவன் என்ற பேச்சே கிடையாது. பல்லுக்குத்தான் சோதனை. எங்கள் பெரியம்மா அதை உலக்கையால் தட்டி உடைத்துப் பங்கு வைப்பார், ஓடிப்போய்ச் சிதறிய துண்டைப் பொறுக்குவது எங்கள் வேலை. அதையே கொஞ்சம் இளம்பாகில், தட்டில் கொட்டி அழுத்தி, சூடு இருக்கும்போதே வெட்டினால் அருமையான பார் கிடைக்கிறது. இளம்பாகு என்பதால் பழைய உருண்டை போல மாதக்கணக்கில் நிற்காது, பத்து நாளில் தீர்த்துவிட வேண்டும்.

ஜூன் 10, இரவு

ஒரு எச்சரிக்கை. பொட்டுக்கடலை மாவுக்குப் பதில் கடலை மாவு இருக்கிறது, போட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு: பச்சையாகப் போடாதீர்கள். கடலை மாவு வேகாத மாவு, சிறு தீயில் வாசம் வரும் வரை வறுத்தால்தான் ஆகும். சோயா மாவும் அப்படியே, பச்சைச் சோயாவில் புரோட்டீன் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. கோதுமை மாவையும் பச்சையாகச் சேர்க்கக் கூடாது, அதில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. ஓட்ஸ் கடைக்கு வரும் முன்பே ஆவியில் வெந்தது என்பதால் பயமில்லை, ஆனால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்துச் சேர்த்தால் பச்சை வாசம் போய்விடும்.

ஜூன் 14

'சர்க்கரை நோய் இருக்கிற அம்மாவுக்குக் கொடுக்கலாமா?' இந்தக் கேள்விக்குப் பதில் எழுத நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் என் அம்மாவுக்கும் இருக்கிறது.

பேரீச்சை இயற்கையானது, தேன் இயற்கையானது, நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு நிறைய இனிப்பைக் கொடுத்துவிடுகிறோம். வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான், உடம்பு அதை வேறுவிதமாகப் பார்க்காது. மேலே சொன்ன பாரில் துண்டுக்கு 8 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அம்மாவுக்காக நான் பேரீச்சையை 80 கிராமாக்கி, 150 கிராம் கடலை முழுவதையும் வெண்ணெயாக அரைத்துவிடுகிறேன். துண்டுக்கு 4, 5 கிராம் சர்க்கரையில் நின்றுவிடுகிறது. வெட்ட வராது, அதனால் உருண்டை பிடித்துவிடுவேன். நெல்லிக்காய் அளவு ஒன்று, மாலை டீக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாக. சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக இல்லை. வீட்டில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேன் சேர்க்கிறவர்கள் ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அதில் துளிகூடக் கொடுக்கக் கூடாது, ருசி பார்க்கக்கூட.

ஜூன் 15

மேலே சாக்லேட் பூசலாமா என்று கேட்டவர் சென்னையில் இருக்கிறார். பூசலாம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடுவதானால். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், நம் வெயிலில் பள்ளிக்கூடப் பை அதைத் தாண்டிவிடும். தேங்காய் எண்ணெயில் உறையவைக்கும் செய்முறைகளும் இப்படித்தான், அது 24 டிகிரிக்கு மேல் நிற்காது, குளிர்ந்த நாட்டுக்காரர்களுக்குச் சரியாக வரும். சாக்லேட் ருசி வேண்டுமென்றால் இனிப்பில்லாத கொக்கோ பவுடர் இரண்டு ஸ்பூனை மாவோடு பிசைந்துவிடுங்கள். லேசான கசப்பு, பேரீச்சையின் திகட்டலையும் குறைக்கும்.

ஜூன் 21

முதல் கேள்வி கேட்ட அக்கா செய்து பார்த்திருக்கிறார், பால் பவுடர் போட்டு. பையன் ஒத்துக்கொண்டானாம், ஆனால் ஓரங்கள் உதிர்கின்றனவாம். பேரீச்சை எந்த ரகம் என்று கேட்டேன், காய்ந்த ரகம். நான் எழுதிய 150 கிராம் கையில் அழுத்தினால் நசுங்கும் பழத்துக்கு. காய்ந்த பழமானால் ஆவி காட்டி, 170, 180 வரை போக வேண்டியிருக்கும், இல்லையென்றால் 150-ஐயே வைத்துக்கொண்டு தேன் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். பால் பவுடரும் ஈரத்தை இழுக்கும், அதனால் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, மறுபடி ஒரு பிடி அழுத்திப் பார்த்து, அப்புறம் தட்டில் கொட்டுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு, அறுக்காமல் மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்கினால் ஓரம் உதிராது.

அவர் கேட்ட இன்னொன்று, பயிற்சிக்கு முன்பா பின்பா? முன்னால் என்றால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கடலைக் கொழுப்பு செரிக்க நேரம் எடுக்கும், வயிறு கனத்துக்கொண்டு ஓட முடியாது. பின்னால் என்றால் ஒரு துண்டும் ஒரு டம்ளர் பாலும், சேர்த்தால் 14 கிராம் போல வரும். கூட விளையாடும் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால், யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.